நாமினி யார் என்று கேளுங்கள்

கேள்வி:

கொளத்தூரில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலில் ஸ்டால் போட்டிருந்தவர்கள், "வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று சொல்லி கிரெடிட் கார்டு எடுத்துக் கொடுத்தார்கள். மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரத்துக்கு மேல் அதில் செலவு செய்ததில்லை. ஆப்பில் காட்டும் தொகையை அப்படியே கட்டிவிடுவேன். போன வாரம் மகன் பில்லைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த 649 ரூபாய் என்னம்மா?" என்றான். பின்னால் போய்ப் பார்த்தால் 14 மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, அது கிரெடிட் ஷீல்டு இன்சூரன்ஸாம், நான் போனில் சரி என்று சொன்னேனாம். யாரோ ஒரு பெண் பேசியது லேசாக ஞாபகம் இருக்கிறது. பள்ளியில் பெல் அடிக்கிற நேரம். "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. கேட்காமலே பிளாட்டினம் கார்டு ஒன்று கூரியரில் வந்தது. பழைய கார்டு இனி வேலை செய்யாது என்றதால் அதை ஆக்டிவேட் செய்தேன். இப்போது வருடக் கட்டணம் ரூ.1,499, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒரு மாதம் கெடு தேதிக்கு இரண்டு நாள் கழித்துக் கட்டியதற்கு ரூ.750 தாமதக் கட்டணம், அந்த மாதச் செலவுக்கெல்லாம் வட்டி வேறு. கோடை விடுமுறையில் கார்டையே தொடவில்லை, கட்ட ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். அந்த மாதமும் ரூ.500 தாமதக் கட்டணம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுத்ததற்கு ரூ.500 பிடித்தார்கள், எடுத்த அன்றிலிருந்தே வட்டி. கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஒரு தாமதக் கட்டணத்தை மட்டும் "ஒன் டைம்" ஆகத் தள்ளுபடி செய்வதாகச் சொல்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே வங்கிகள் இப்படிப் பிடித்த இன்சூரன்ஸ் பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தன என்கிறான். இங்கே கிடைக்குமா? வக்கீல் வைக்க வேண்டுமா? அதுவரை பில் கட்டாமல் நிறுத்திவைக்கலாமா? எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்னும் இரண்டு பேருக்கு இதே 649 போகிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பெரும்பகுதி திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. அப்படிக் கேட்ட அந்த நிமிடமே, பிடித்தது சரி, தயவு செய்து விட்டுக்கொடுங்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கும் மாதத்துக்கு இவ்வளவு தள்ளுபடிதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கும். அதிலிருந்து எடுத்து உங்களுக்கு ஒன்றைக் கொடுத்து அழைப்பை முடித்துவிடுவார். வங்கி வேலையில் கடைசிச் சில வருடங்கள் கார்டுப் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: தள்ளுபடி கேட்கும் வாடிக்கையாளரின் அழைப்பு அந்த மேசையோடு முடிந்துவிடும். "நான் சம்மதித்ததற்கான ஆதாரத்தை அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேட்பவரின் மின்னஞ்சல் மேலே போகும். யாராவது ஒருவர் பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் அதற்குப் பதில் எழுத முடியும்.

தம்பி சொன்னது உண்மைதான். பிரிட்டனில் கடன், கார்டு இவற்றோடு தவணைப் பாதுகாப்பு இன்சூரன்ஸைத் தேவையில்லாதவர்கள் தலையிலும் கட்டிவிட்டார்கள். பின்னால் அது பெரிய விவகாரமாகி, வங்கிகள் 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. புகார் கொடுக்க 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்தது. இங்கே அப்படி ஒட்டுமொத்தமாகத் திருப்பித் தரும் ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பில்லை எடுத்துக்கொண்டு தானேதான் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கான விதிகள் நம்மிடம் தெளிவாகவே இருக்கின்றன. பலருக்கு அது தெரியாது. கிளையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பல நேரம் தெரியாது.

முதலில் அந்த 649. அது ரூ.550 பிரீமியம், ரூ.99 ஜிஎஸ்டி என்று பில்லில் தனித்தனியாக இருக்கும், பாருங்கள். 14 மாதத்துக்கு ரூ.9,086. கிரெடிட் ஷீல்டு என்பது என்ன? கார்டு வைத்திருப்பவர் இறந்துபோனாலோ, விபத்தில் முடங்கிப்போனாலோ, கார்டில் நிற்கும் பாக்கியை இன்சூரன்ஸ் கம்பெனி அடைக்கும். அவ்வளவுதான். இப்போது உங்கள் கணக்குக்கு வாருங்கள். உங்கள் கார்டில் வழக்கமாக நிற்கும் பாக்கி அதிகம் போனால் ஒன்பதாயிரம். அதைப் பாதுகாக்க வருடத்துக்கு ரூ.7,788 பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்கவே சிரிப்பு வரும், உங்கள் பணம் போகாமல் இருந்தால். லட்சக்கணக்கில் பாக்கியைச் சுழற்றிக்கொண்டிருக்கும், வேறு இன்சூரன்ஸ் எதுவும் இல்லாத ஒருவருக்கு இது கொஞ்சம் உதவலாம். மாதாமாதம் முழுத்தொகையும் கட்டுகிறவருக்கு இது எந்த வகையிலும் பொருந்தாத பொருள். வாடிக்கையாளருக்குப் பொருந்துகிற பொருளையே விற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2014ல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் உள்ள ஐந்து உரிமைகளில் ஒன்று. கடிதத்தில் இந்தக் கணக்கை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

ஆனால் உங்கள் வழக்கின் முதுகெலும்பு அது அல்ல. 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் என்ன சொல்கின்றன என்றால், இன்சூரன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து வங்கி ஏதாவது காப்பீடு கொடுத்தால், கார்டுதாரரின் வெளிப்படையான சம்மதத்தை எழுத்திலோ டிஜிட்டல் முறையிலோ வாங்க வேண்டும், நாமினி விவரங்களோடு சேர்த்து. இந்த நாமினி என்ற இடத்தில்தான் பல வங்கிகள் மாட்டிக்கொள்ளும். போனில் விற்கிறவர் அவசரத்தில் "சரியா மேடம்?" என்று கேட்டு முடித்திருப்பார். உங்கள் கணவர் பெயரையோ மகன் பெயரையோ கேட்டிருக்கவே மாட்டார். ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுதான்: என் பாலிசியில் நாமினி யார்? அந்தப் பெயரை நான் எப்போது, எந்த வழியில் கொடுத்தேன்?

வங்கி ஒலிப்பதிவைக் காட்டும் என்று பயப்படாதீர்கள். காட்டட்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். பதிவில் நீங்கள் "சரிங்க" என்று சொல்வது இருக்கலாம். எதற்குச் சரி? மாதம் எவ்வளவு என்று சொன்னார்களா? இது இன்சூரன்ஸ், கட்டாயம் இல்லை என்று சொன்னார்களா? எந்தக் கம்பெனி என்று சொன்னார்களா? கார்டோடு வரும் சலுகை மாதிரிப் பேசிவிட்டு, கடைசியில் கடகடவென்று நிபந்தனைகளை ஒப்பிப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. இப்படிப்பட்ட பதிவுகளில் வாடிக்கையாளருக்கு எதிராக இருப்பதைவிட விற்றவருக்கு எதிராக இருப்பதுதான் அதிகம். அதனால்தான் கேட்டால் பல நேரம் பதிவே வராது, பணம் வந்துவிடும். கூடவே இன்சூரன்ஸ் சான்றிதழின் நகலையும் கேளுங்கள். அது உங்களுக்கு எந்த மின்னஞ்சலுக்கு, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

அடுத்து அந்தக் கோடை விடுமுறை மாதம். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கோபம் வந்த இடம் இது. கார்டில் ஒரு பைசா செலவு இல்லை. பில்லில் இருந்தது அந்த 649 மட்டும். அதை நீங்கள் கட்டவில்லை என்று ரூ.500 தாமதக் கட்டணம், ரூ.90 வரி, போதாததற்கு வட்டியும் வரியுமாக நீங்கள் அனுப்பிய பில்படி ரூ.27. கேட்காமல் பிடித்த பணம் குட்டி போட்டிருக்கிறது. பலர் புகார் எழுதும்போது இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிரீமியத்தை மட்டும் திரும்பக் கேட்கிறார்கள், வங்கியும் அதை மட்டும் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறது. மூலக் கட்டணம் தவறு என்றால் அதனால் வந்த தாமதக் கட்டணம், வட்டி, வரி எல்லாமே தவறுதான். 617 ரூபாயையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு நாள் தாமதமாகக் கட்டிய மாதம் எளிது. கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால் மட்டுமே தாமதக் கட்டணம் போடலாம் என்பது அதே விதிகளில் இருக்கிறது. நீங்கள் இரண்டாம் நாளே கட்டிவிட்டீர்கள். யுபிஐ ரசீதில் தேதி இருக்கும். ரூ.750, வரி ரூ.135, ஆக ரூ.885 வர வேண்டும். இதைத்தான் அவர்கள் பெரிய மனது பண்ணி "ஒன் டைம்" தள்ளுபடி என்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். தர வேண்டிய பணத்தைச் சலுகையாகக் கொடுப்பதும் ஒரு கலைதான். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் "இது என் புகாரின் ஒரு பகுதிக்கு மட்டும், மீதி நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். புகார் முழுவதும் தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ளும்படி ஓடிபியோ குறுஞ்செய்தியோ வந்தால் கொடுக்காதீர்கள். அந்த மாதம் போட்ட வட்டி வேறு விஷயம். மூன்று நாள் விதி அபராதக் கட்டணங்களைப் பற்றியது. முழுத்தொகையும் கெடுவுக்குள் வராததால் வட்டியில்லாச் சலுகை போய்விட்டது என்று வங்கி சொல்லும், அதற்கு ஒப்பந்தத்தில் இடம் உண்டு. கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் சரி. அதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

பிளாட்டினம் கார்டு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் இன்சூரன்ஸ் அளவுக்குப் பலம் இல்லை. கேட்காத கார்டைக் கொடுப்பதும், இருக்கும் கார்டைக் கேட்காமல் உயர்த்துவதும் தடை செய்யப்பட்டவை. வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அப்படி உயர்த்தி, இயக்கி, கட்டணமும் பிடித்தால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப் போல இருமடங்கு அபராதமும் கார்டுதாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் நீங்களே ஆக்டிவேட் செய்தீர்கள், அதுவே சம்மதம் என்று வங்கி வாதாடும். உங்கள் பதில்: பழைய கார்டு நின்றுவிடும் என்று சொன்னதால் இயக்கினேன், வருடக் கட்டணம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை, இலவசம் என்று சொல்லித்தான் கார்டு கொடுத்தீர்கள். அந்தக் குறுஞ்செய்தியைத் தேடி எடுங்கள். முதல் கார்டோடு வந்த வரவேற்புக் கடிதத்தில் "இலவசம்" என்ற சொல் இருந்தால் அது தங்கம். கட்டணங்களை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அப்படி அறிவிப்பு வந்ததா என்று கேளுங்கள். ரூ.1,499, வரியோடு ரூ.1,768.82. இதையும் அபராதத்தையும் கேளுங்கள். ஆனால் கட்டணம் மட்டும் திரும்பி வந்தால் அதோடு திருப்தி அடையலாம் என்பது என் கருத்து.

ஏடிஎம்மில் எடுத்த பத்தாயிரத்தை மறந்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணமும், எடுத்த நாள் முதல் வட்டியும் உண்டு என்பது கார்டோடு வந்த அந்தப் பொடி எழுத்துத் தாளில் இருந்திருக்கும். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்பது மனசைத் தொடும். ஆனால் விதியில் அதற்கு இடமில்லை. அதே மாதிரி "வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகிறது, இது கொள்ளை" என்றும் எழுதாதீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொன்னதைப் பலர் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. தோற்கும் விஷயங்களையும் சேர்த்து எழுதினால், வங்கி அவற்றுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதிவிட்டு, ஜெயிக்கும் விஷயத்தைப் பற்றி வாயே திறக்காது.

ஆக, கேட்க வேண்டிய தொகை: பிரீமியம் 9,086, கோடை மாதத்து 617, தாமதக் கட்டணம் 885. இவை ரூ.10,588. வருடக் கட்டணத்தையும் சேர்த்தால் ரூ.12,356.82. மகனிடம் சொல்லி, எல்லா மாதத்து பில்லையும் பிடிஎஃப்பாக இறக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பில் பழைய பில்கள் எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் இன்றே செய்துவிடுங்கள். பிறகு வங்கியின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும், அதற்கு எழுதுங்கள். போனில் பேசாதீர்கள், கிளைக்கும் அலையாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் சீக்கிரம் நகரும், அதற்கும் மகன் உதவட்டும். சாரம் இப்படி இருக்கலாம்:

"என் கார்டுக் கணக்கில் இன்ன மாதம் முதல் 14 மாதங்கள் கிரெடிட் ஷீல்டு என்ற பெயரில் மாதம் ரூ.649 பிடிக்கப்பட்டுள்ளது. இதற்கு நான் எழுத்திலோ டிஜிட்டல் முறையிலோ சம்மதம் தரவில்லை, நாமினி விவரமும் தரவில்லை. சம்மதப் பதிவு, ஒலிப்பதிவு, காப்பீட்டுச் சான்றிதழ், நாமினி விவரம் ஆகியவற்றின் நகலை 30 நாட்களுக்குள் தரவும். காப்பீட்டை இன்றே ரத்து செய்யவும். பிரீமியத்தையும், அதன் காரணமாக விதிக்கப்பட்ட தாமதக் கட்டணம், வட்டி, வரி ஆகியவற்றையும் திருப்பி வரவு வைக்கவும். மேலும், கெடு தேதிக்கு இரண்டாம் நாள் செலுத்திய தொகைக்கு விதித்த தாமதக் கட்டணம் விதிகளுக்கு மாறானது. சம்மதமின்றி உயர்த்தப்பட்ட கார்டுக்கான வருடக் கட்டணத்தையும் விதிப்படி உரிய அபராதத்தோடு திருப்பித் தரவும். விவரப் பட்டியல் இணைப்பில்."

அவ்வளவு போதும். "நான் ஒரு ஆசிரியை, எனக்கு இப்படிச் செய்யலாமா" என்பதெல்லாம் வேண்டாம். 30 நாள் என்று நான் சும்மா போடவில்லை. பில்லை மறுத்துப் புகார் கொடுத்தால், விளக்கத்தையும் தேவையான இடத்தில் ஆவண ஆதாரத்தையும் அதிகபட்சம் 30 நாளில் வங்கி தந்தாக வேண்டும். புகார் எண் வரும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வங்கி உங்கள் புகாரை முழுக்கவோ பகுதியாகவோ நிராகரிப்பதாக இருந்தால், பதில் அனுப்பும் முன் தன் உள் குறைதீர்ப்பாளரிடம் அதை வைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. நீங்கள் கேட்காமலே நடக்க வேண்டியது அது. வந்த பதிலில் அந்த அதிகாரி பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இதே மின்னஞ்சலின் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பிவிடுங்கள். கம்பெனியின் பெயர் பில்லில் இருக்காது, சான்றிதழில்தான் இருக்கும். வங்கியிடம் அதைக் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வங்கி கம்பெனியைக் கைகாட்டும், கம்பெனி வங்கியைக் கைகாட்டும். அந்தப் பந்தாட்டத்தில் நீங்கள் ஓடக்கூடாது. பணத்தைப் பிடித்தது வங்கி, சம்மதம் வாங்க வேண்டியதும் வங்கி. கம்பெனி தரப்பில் இழுத்தடித்தால் இன்சூரன்ஸ் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் பேசலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரியின் அலுவலகம் நம் ஊரிலேயே, தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன்.

ஒரு மாதத்தில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன். 2021 நவம்பரில் எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக்கிய பிறகு, இணையத்தில் சிஎம்எஸ் என்ற ஒரே புகார்த் தளம்தான். இணையம் வேண்டாம் என்றால் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வெயிலில் அலைய வேண்டாம். சந்தேகம் இருந்தால் 14448ல் தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் கிடையாது. வங்கிக்கு எழுதியது, புகார் எண், வந்த பதில், பட்டியல், இவ்வளவையும் இணைத்தால் போதும். வங்கிக்கு எழுதாமல் நேராக இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலக்கெடுவும் உண்டு, ஆகவே வங்கியின் பதில் வந்த வாரமே பதிந்துவிடுங்கள். நேரம் வீணானதற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கவும் அதில் இடம் இருக்கிறது. கேளுங்கள், ஆனால் 12 ஆயிரத்துக்கான புகாரில் லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டால் படிப்பவருக்கு நம்பிக்கை போய்விடும்.

வக்கீல் வேண்டாம். ஆம்பட்ஸ்மேனிடம் வக்கீல் மூலமாகப் புகார் கொடுக்கவும் முடியாது, நீங்களேதான் கொடுக்க வேண்டும். அங்கும் சரிவரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கார்டு கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஆம்பட்ஸ்மேன் அதைத் தொட மாட்டார். என் அனுபவத்தில் இந்த அளவுத் தொகைக்கு ஆம்பட்ஸ்மேன் வழிதான் சுலபம். பெரும்பாலும் அங்கே புகார் பதிவான செய்தி போனதுமே வங்கியிலிருந்து ஒருவர் மிக மரியாதையாகப் பேசுவார்.

இன்னொரு அழைப்பும் வரலாம், அதில் எச்சரிக்கை. சமூக வலைத்தளத்தில் வங்கியைத் திட்டிப் பதிவு போட்டால், அரை மணி நேரத்தில் "ரீஃபண்டு டிபார்ட்மென்டிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது கூப்பிட்டு ஓடிபி கேட்பார்கள். பணத்தைத் திருப்பித் தர ஓடிபியே தேவையில்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பில் கட்டுவதை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். தகராறில் உள்ள தொகையைப் பற்றிய விவரத்தை, முக்கியமாகக் கட்டவில்லை என்ற விவரத்தை, தகராறு தீரும் முன் சிபில் போன்ற, நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் இடங்களுக்குத் தெரிவிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. இருக்கிறதே தவிர, கம்ப்யூட்டர் அதைப் படிப்பதில்லை. தானாக அனுப்பிவிடும். பிறகு அதைத் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டும். மாதம் 649 ரூபாய்க்காக மகனின் கல்விக் கடனுக்கு உத்தரவாதம் போடும் நேரத்தில் தலைவலி வேண்டுமா? காப்பீடு ரத்தாகும் வரை முழுத்தொகையையும் கட்டுங்கள், "மறுப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்" என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

அந்தக் கோடை மாதம் ஏற்கெனவே சிபிலில் ஏறியிருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம், பாருங்கள். தாமதம் என்று பதிவாகியிருந்தால் திருத்தக் கோரிக்கை போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு ரூ.100 வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும், இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

கார்டையே மூடிவிடலாம் என்று தோன்றும். மூடலாம், ஆனால் பணம் திரும்பி வந்த பிறகு. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும். வரவு மிச்சம் இருந்தால் அதை உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். இருந்தும் இப்போதே மூடினால், கோப்பும் அதோடு மூடியது என்று நினைக்கிற ஆட்கள் அங்கே உண்டு.

ஸ்டாஃப் ரூம் தோழிகள் இருவரும் உங்களோடு சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். சம்மதம் என்பது ஆளுக்கு ஆள் தனி. ஒருவர் எப்போதோ ஆப்பில் நாமினி பெயரோடு ஒப்புக்கொண்டிருந்தால், அவருக்குக் கிடைக்கும் பதிலை உங்கள் மூவருக்குமான பதிலாக வங்கி ஆக்கிவிடும். வாசகம் இதே இருக்கட்டும், தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண் அவரவருடையது. மூன்று மின்னஞ்சலும் ஒரே நாளில் போவதில் தவறில்லை.